புயலோ வெள்ளமோ வீட்டை விட்டு விரட்டினால்: நிவாரணத்தைக் கேட்டு வாங்குவது எப்படி

2024 டிசம்பர் 2ஆம் தேதி அதிகாலை, சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. ஃபெஞ்சல் புயல் கரை கடந்து ஓய்ந்துவிட்டது என்று எல்லோரும் மூச்சு விட்ட நேரம். திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் ஆற்றை ஒட்டியிருந்த பலர் கட்டிய துணியோடு மொட்டை மாடிக்கும் மேட்டுக்கும் ஓடினார்கள்.

அப்படி ஓடியவர்கள் அடுத்த சில வாரங்களில் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். முதல் தடவை இந்தக் கஷ்டத்தில் மாட்டியவர்களுக்கும், அம்மா அப்பாவுக்காகத் தாலுகா ஆபீஸ் ஏறி இறங்கும் பிள்ளைகளுக்கும், உதவ வரும் தன்னார்வலர்களுக்கும் இது பயன்படும். எல்லாம் தமிழ்நாட்டு நடைமுறை.

நிவாரணம் வீட்டு விலாசத்தைத் தேடி வருகிறது. வீட்டுக்காரரோ அந்த விலாசத்தில் இல்லை. கணக்கெடுப்பவர் உங்கள் தெருவுக்கு வரும்போது நீங்கள் பக்கத்து மாவட்டத்தில் அக்கா வீட்டில் இருப்பீர்கள். வீடு பூட்டியிருந்தது என்று குறித்துக்கொண்டு அவர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். பட்டியலில் விடுபட்ட பெயரைப் பிறகு சேர்ப்பது, முதலிலேயே சேர்ப்பதைவிடப் பத்து மடங்கு வேலை. கீழே சொல்லும் படிகளில் பாதிக்கு மேல் அந்தப் பட்டியலை மனதில் வைத்துத்தான்.

முதல் படி: எங்கே இருக்கிறீர்கள் என்பதைப் பதிவு செய்யுங்கள்

முகாம் பெரும்பாலும் பள்ளிக்கூடம், சமுதாயக்கூடம், கல்யாண மண்டபம் ஆகியவற்றில் இருக்கும்; கடலோரமென்றால் பல்நோக்குப் பாதுகாப்பு மையம். அங்கே ஒரு பதிவேடு இருக்கும். குடும்பத்தில் எல்லோர் பெயரும், ரேஷன் கார்டு எண்ணும், எந்த ஊரிலிருந்து வந்தீர்கள், எந்தத் தேதியில் வந்தீர்கள் என்பதும் அதில் ஏறியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். எழுதிய பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பத் தலைவர் பெயரை மட்டும் எழுதிவிட்டு "மற்றவர்கள் 4" என்று போடும் பழக்கம் உண்டு. விடாதீர்கள், எல்லாப் பெயரையும் எழுதச் சொல்லுங்கள்.

முகாமில் படுக்கக் கூச்சப்பட்டு உறவினர் வீட்டுக்குப் போகிறவர்கள்தான் அதிகம். அதில் தவறில்லை. ஆனால் உங்கள் ஊர் கிராம நிர்வாக அலுவலருக்கோ (வி.ஏ.ஓ.) கிராம உதவியாளருக்கோ அன்றைக்கே தகவல் சொல்லிவிடுங்கள். போனில் சொன்னால் மட்டும் போதாது. "இன்னார் குடும்பம், இத்தனை பேர், இந்தக் கதவு எண், வீட்டுக்குள் இத்தனை அடி தண்ணீர், இப்போது இந்த விலாசத்தில் இருக்கிறோம்" என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்புங்கள். அவர் பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை, தேதியும் நேரமும் உங்கள் கையில் இருக்கும். நகரத்தில் வி.ஏ.ஓ. யாரென்றே பலருக்குத் தெரியாது. ரேஷன் கடை ஊழியரிடமோ கவுன்சிலர் அலுவலகத்திலோ கேட்டால் சொல்லிவிடுவார்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, சென்னை மாநகராட்சி 1913. அழைத்தால் புகார் எண் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

முகாமில் சாப்பாடு, குடிநீர், கழிப்பறை, மருத்துவம் கொடுப்பதை யாரும் தர்மமாக நினைக்க வேண்டாம். 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், நிவாரணத்துக்குக் குறைந்தபட்சத் தரம் இருக்க வேண்டும் என்று 12ஆம் பிரிவில் சொல்கிறது. நிவாரணத்தில் சாதி, மதம், பால் என்று பாகுபாடு கூடாது என்கிறது 61ஆம் பிரிவு. ஒரு தெருக்காரர்கள் இருக்கும் முகாமுக்கு இன்னொரு தெருக்காரர்கள் வரக் கூடாது என்று யாராவது பேசினால், சண்டைக்குப் போவதைவிட அந்தப் பிரிவு எண்ணைச் சொல்லி தாசில்தாருக்கு ஒரு வரி எழுதுவது வேகமாக வேலை செய்யும்.

ஒரு எச்சரிக்கை. பள்ளிக்கூடத்தில் முகாம் என்றால், பள்ளி திறக்கும் நாள்தான் முகாமுக்குக் கடைசி நாள். உங்கள் வீடு காய்ந்ததா என்று யாரும் பார்க்க மாட்டார்கள். "வீடு இன்னும் குடியிருக்கத் தகுதியாக இல்லை" என்று அதற்கு முன்பே எழுதிக் கொடுத்து வைத்தால், மாற்று இடம் கேட்க ஒரு பிடி கிடைக்கும்.

இரண்டாம் படி: கழுவும் முன் படம் எடுங்கள்

தண்ணீர் வடிந்ததும் முதலில் துடைப்பத்தைத்தான் தேடுவோம். கொஞ்சம் பொறுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற உயரத்துக்குச் சேறு ஒரு கோடு போட்டிருக்கும். அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒருவரை நிற்க வைத்துப் படம் எடுங்கள்; இடுப்பளவா கழுத்தளவா என்பது பார்த்தவுடன் தெரிய வேண்டும். வாசலில் கதவு எண்ணோ மின் மீட்டர் எண்ணோ தெரியும்படி ஒரு படம். இது இல்லாவிட்டால், உள்ளே எடுத்த படம் எந்த வீட்டுடையது என்று கேட்பார்கள். பிறகு விரிசல் விட்ட சுவர், சரிந்த கூரை, நனைந்த நெல் மூட்டை, உப்பிப்போன பீரோ. போன் கேமராவில் இருப்பிடம் பதிவாகும் அமைப்பை முதலிலேயே ஆன் செய்துவிடுங்கள். எடுத்ததும் வெளியூரில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பிவிட்டால், போன் கெட்டாலும் படம் தப்பும்.

ஆடு மாடு செத்திருந்தால் புதைக்கும் முன் கால்நடை உதவி மருத்துவர் பார்த்துச் சான்று தர வேண்டும். அவர் வரத் தாமதமானால் காதில் மாட்டிய அடையாள வில்லை தெரியும்படி படம் எடுத்து, வி.ஏ.ஓ.வுக்கு அனுப்பிவிட்டுப் புதையுங்கள். உயிரிழப்பென்றால் போலீஸ் முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் இல்லாமல் கோப்பு நகராது. அந்த நிலையில் பரிசோதனை வேண்டாமென்று உறவினர்கள் சொல்வது இயல்பு. பக்கத்தில் இருப்பவர்கள்தான் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

மூன்றாம் படி: காகிதங்கள்

நனைந்த பட்டா, பத்திரம், சான்றிதழ்களை வெயிலில் போடாதீர்கள், அயர்ன் பண்ணாதீர்கள். ஒட்டிக்கொண்ட தாள்களை இழுத்துப் பிரிக்கவும் வேண்டாம். நிழலில், மின்விசிறிக் காற்றில், இரண்டு தாளுக்கு நடுவே பழைய செய்தித்தாளை வைத்து, அது ஈரமாக ஆக மாற்றிக்கொண்டே வாருங்கள். லேமினேட் செய்த சான்றிதழுக்குள் தண்ணீர் போயிருந்தால் ஓரத்தை மட்டும் வெட்டிவிட்டுக் காயவிடுங்கள்.

போனது போனதுதான் என்றால், எதை முதலில் வாங்குவது? ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் என்ற வரிசையில் போங்கள். ஆதார் எண்ணும் அதோடு இணைத்த போனும் இருந்தால் இணையத்தில் உடனே இறக்கிக்கொள்ளலாம். போனும் போய்விட்டால் முதலில் அதே எண்ணில் சிம் வாங்குங்கள், மற்ற எல்லாம் அதன் ஓ.டி.பி.யை நம்பித்தான் இருக்கின்றன. ரேஷன் ஸ்மார்ட் கார்டின் நகலுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். பட்டா நகல் வருவாய்த் துறையின் இணையதளத்தில் கிடைக்கும். சர்வே எண் தெரிந்தால் போதும். 2023 மிக்ஜாம் புயலுக்குப் பிறகு சென்னையிலும் ஃபெஞ்சலுக்குப் பிறகு வட மாவட்டங்களிலும் தொலைந்த சான்றிதழ்களுக்கென்று சிறப்பு முகாம்கள் நடத்த ஏற்பாடு செய்தார்கள். அப்படி முகாம் அறிவித்தால் அங்கேயே போங்கள். ஒவ்வொரு அலுவலகமாக அலைய வேண்டியதில்லை.

நான்காம் படி: உங்களுக்கு என்ன வரும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதில்தான் குழப்பம் அதிகம். பணம் இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, அந்தப் புயலுக்கென்று மாநில அரசு அறிவிக்கும் ரொக்கம். இது ஒவ்வொரு முறையும் மாறும், ஊருக்கு ஊர் மாறும். மிக்ஜாமுக்குச் சென்னையில் குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாய். அதே 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியபோது, தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் கடுமையாகப் பாதித்த வட்டங்களுக்கு 6,000, மற்ற வட்டங்களுக்கு 1,000. ஃபெஞ்சலுக்கு விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சியில் 2,000. ஆகவே "போன தடவை ஆறாயிரம் கொடுத்தார்களே" என்று வாதாடிப் பயனில்லை. அரசாணையில் உங்கள் வட்டத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று, மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து சேதத்தின் கணக்குப்படி வருவது. இதற்கு மத்திய அரசு விதிமுறை உண்டு. 2022 முதல் 2026 வரையிலான விதிமுறைப்படி உயிரிழப்புக்கு 4 லட்சம், சமவெளியில் முழுதும் இடிந்த வீட்டுக்கு 1,20,000, குடிசைக்கு 8,000, ஓரளவு சேதமடைந்த கான்கிரீட் வீட்டுக்கு 6,500, மற்ற வீட்டுக்கு 4,000. கறவை மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000. பயிர் 33 சதவீதமோ அதற்கு மேலோ போயிருந்தால் பாசன நிலத்துக்கு ஹெக்டேருக்கு 17,000, மானாவாரிக்கு 8,500, பல்லாண்டுப் பயிருக்கு 22,500. இதற்கு மேல் மாநிலம் சேர்த்துக் கொடுப்பதும் உண்டு: ஃபெஞ்சலில் உயிரிழப்புக்கு 5 லட்சம், குடிசைக்கு 10,000 என்று அறிவித்தார்கள். 2018 கஜா புயலில் தென்னைக்கு மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500 என்று தனிக் கணக்கு போட்டார்கள்.

யாரும் சொல்லாத ஓர் இனம் இருக்கிறது. வீடு அடித்துச் செல்லப்பட்டாலோ, முழுதும் இடிந்தாலோ, இரண்டு நாளுக்கு மேல் தண்ணீர் நின்றாலோ, துணிமணிக்கு 2,500, பாத்திரம் பண்டத்துக்கு 2,500 என்று குடும்பத்துக்குத் தர அதே விதிமுறையில் இடம் உண்டு. மாநில ரொக்கத்தை வாங்கியதும் மக்கள் இதைக் கேட்பதே இல்லை. மாநிலம் கொடுத்த ரொக்கத்திலேயே இதுவும் அடக்கமா, தனியா என்று மனுவில் ஒரு வரி கேளுங்கள்.

ஐந்தாம் படி: வாடகைக்கு இருப்பவர், குத்தகைக்காரர், புறம்போக்கில் இருப்பவர்

பட்டியலில் அதிகம் விடுபடுவது இந்த மூன்று பேர்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வாடகை வீடென்றால், இடிந்த சுவருக்கான பணம் வீட்டுக்காரருக்குப் போகும். ஆனால் ரொக்க நிவாரணமும் துணிமணி, பாத்திரக் கணக்கும் குடியிருந்த குடும்பத்துக்கு உரியவை. சிக்கல் எங்கே வருகிறதென்றால், வேலைக்காகச் சென்னைக்கு வந்த குடும்பத்தின் ரேஷன் கார்டு இன்னும் சொந்த ஊரில் இருக்கும். மிக்ஜாமின்போது கார்டு இல்லாதவர்களும் வெளியூர்க் கார்டு வைத்திருந்தவர்களும் ரேஷன் கடையில் விண்ணப்பப் படிவம் கொடுத்தார்கள். டோக்கன் வரவில்லை என்று வீட்டிலேயே உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தப் படிவம் இருப்பதே தெரியவில்லை. கேஸ் சிலிண்டர் ரசீது, வாடகை ஒப்பந்தம், பிள்ளையின் பள்ளி அடையாள அட்டை, வேலை செய்யும் இடத்தின் கடிதம், எது அந்த விலாசத்தைக் காட்டுகிறதோ அதை இணையுங்கள். ஒப்பந்தமே இல்லையென்றால், வீட்டுக்காரரிடம் ஒரு வெள்ளைத் தாளில் எழுதி வாங்குங்கள். அவர் நிவாரணத்தைத் தன் பெயரில் வாங்கப் பார்த்தால் எழுதித் தரத் தயங்குவார். அப்போது அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் கையெழுத்து போதும் என்று வி.ஏ.ஓ.விடம் கேட்டுப் பாருங்கள், பலர் ஒப்புக்கொள்வார்கள்.

குத்தகை நிலத்தில் பயிர் வைத்தவர், பட்டா யார் பெயரில் இருந்தாலும் சாகுபடி செய்தது தான்தான் என்பதை அடங்கலில் (யார் என்ன பயிர் வைத்தார் என்று வி.ஏ.ஓ. எழுதும் கணக்கு) ஏற்றியிருக்க வேண்டும். வெள்ளம் வந்த பிறகு அடங்கலை மாற்றச் சொன்னால் சந்தேகப்படுவார்கள். விதைத்த கையோடு வி.ஏ.ஓ.விடம் போய்விடுங்கள். இந்த நிவாரணம் வேறு, பயிர்க் காப்பீடு வேறு. காப்பீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டிய கெடு 72 மணி நேரம்.

புறம்போக்கில், ஆற்றங்கரையில், கால்வாய் ஓரத்தில் இருப்பவர்களிடம் "உங்களுக்குப் பட்டா இல்லை, ஒன்றும் வராது" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். இது பாதி உண்மை. வீட்டுச் சேதத்துக்கான பெரிய தொகைக்கு அங்கீகரிக்கப்பட்ட கட்டடமாக இருக்க வேண்டும் என்று விதிமுறை கேட்கிறது. ஆனால் ஓலை, மண், பிளாஸ்டிக் தாளால் ஆன தற்காலிகக் குடியிருப்பைக் குடிசை என்றே அது வரையறுக்கிறது; மாவட்ட நிர்வாகம் அதைக் குடிசையாக ஏற்றால் குடிசைக்கான தொகை உண்டு. உயிரிழப்பு, கால்நடை, துணிமணி ஆகியவற்றுக்குப் பட்டாவே தேவையில்லை. மனுவில் "வீடு" என்று எழுதாமல் "குடிசை" என்று எழுதுங்கள். "வீடு" என்ற அந்த ஒரு சொல்லால் தள்ளுபடியான மனுக்கள் உண்டு.

ஆறாம் படி: மனு

வாய்மொழியாகக் கேட்டதற்குச் சாட்சி இல்லை. மனு அரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். இப்படி எழுதினால் போதும்:

"பெறுநர்: உயர்திரு வட்டாட்சியர் அவர்கள். பொருள்: வெள்ளச் சேதக் கணக்கெடுப்பில் பெயர் விடுபட்டது, சேர்க்கக் கோருதல். ஐயா, நான் மேற்கண்ட விலாசத்தில் குடும்பத்துடன் வசித்து வந்தேன். இந்தத் தேதியில் வந்த வெள்ளத்தில் எங்கள் குடிசை முழுதும் சேதமடைந்தது. இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை இந்தப் பள்ளி முகாமில் தங்கியிருந்தோம். கணக்கெடுப்பின்போது நாங்கள் ஊரில் இல்லாததால் பெயர் சேரவில்லை. நேரில் ஆய்வு செய்து நிவாரணம் வழங்கக் கேட்டுக்கொள்கிறேன். இணைப்பு: படங்கள், ரேஷன் கார்டு நகல், பாஸ்புக் நகல்."

அழுகையும் அரசியலும் வேண்டாம். இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.), அப்புறம் தாசில்தார். அசையவில்லையென்றால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குப் போங்கள். அங்கே மனுவைக் கணினியில் ஏற்றி எண் போட்ட ரசீது கொடுப்பார்கள். அந்த எண்ணை வைத்து முதல்வரின் உதவி மையம் 1100இல் விசாரிக்கலாம். அதற்கும் பதில் இல்லையா, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, உங்கள் கிராமத்தின் பயனாளிகள் பட்டியலையும் உங்கள் மனு மேல் எடுத்த நடவடிக்கையையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

ஒரு பக்கம் சட்ட உதவியும் இலவசம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், வெள்ளத்தாலும் வறட்சியாலும் பாதிக்கப்பட்டவரை இலவச உதவிக்குத் தகுதியானவர் பட்டியலில் பெயர் சொல்லியே வைத்திருக்கிறது. கோர்ட் வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், அல்லது 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். இதைப் பயன்படுத்துகிறவர்கள் மிகக் குறைவு என்பது என் எண்ணம்.

பொய்க் கணக்கு மட்டும் வேண்டாம். இல்லாத மாட்டைச் செத்ததாக எழுதினால் பேரிடர் சட்டத்திலேயே இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. உங்கள் ஒரு பொய்யால் தெருவே சந்தேகப் பட்டியலுக்குப் போகும்.

ஏழாம் படி: பணம் எந்தக் கணக்கில் விழும்

ரொக்கத்தை ரேஷன் கடையில் கையில் கொடுப்பதும் உண்டு, வங்கியில் போடுவதும் உண்டு. 2015 வெள்ளத்துக்கு வங்கியில் போட்டார்கள். வங்கி என்றால், ஆதாரோடு இணைந்த கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல வருடம் தொடாத கணக்கு முடங்கியிருக்கும். இன்னொரு விஷயம்: கடன் இருக்கும் கணக்கில் நிவாரணம் விழுந்தால் தவணையாக இழுத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. 2024இல் வயநாட்டு நிலச்சரிவுக்குப் பிறகு அப்படி நடந்து, பெரிய எதிர்ப்புக்குப் பின்தான் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். கடனில்லாத கணக்கின் எண்ணைக் கொடுங்கள். கூடவே, கடன் தவணையைத் தள்ளி வைக்கக் கேட்டு வங்கி மேலாளருக்கு ஒரு கடிதம்.

வயநாட்டைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லலாம். அங்கே வீடிழந்த குடும்பங்களுக்குக் கேரள அரசு மாதம் 6,000 ரூபாய் வாடகை கொடுத்தது. நம் ஊரில் புயலுக்குப் புயல் ஒருமுறை ரொக்கம் தருகிறார்களே தவிர, வீடு கட்டி முடியும்வரை தலைக்கு மேல் கூரைக்கு என்ன வழி என்று யோசித்த திட்டம் வழக்கத்தில் இல்லை. கேட்க வேண்டிய இடத்தில் கேட்கலாம். முன்னுதாரணம் பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது.

எட்டாம் படி: புது இடத்தில் பிழைப்பு

ரேஷன் அரிசிக்குச் சொந்த ஊர் போக வேண்டியதில்லை. 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டுக்குள் எந்த ரேஷன் கடையிலும் கைரேகை வைத்து வாங்கலாம். "வெளியூர்க் கார்டுக்கு ஸ்டாக் இல்லை" என்றால் 1967 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் சொல்லுங்கள். மற்ற மாநிலத் தொழிலாளர்களுக்கு அவர்கள் ஊர்க் கார்டிலேயே உணவுப் பாதுகாப்புச் சட்ட அரிசி உண்டு.

மாற்றுச் சான்றிதழ் இல்லையென்று எந்தப் பள்ளியும் எட்டாம் வகுப்பு வரை பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது. கல்வி உரிமைச் சட்டம் அப்படித்தான். கர்ப்பிணிகளும் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் சொல்லிப் பதிந்தால் போதும். முதியோர் உதவித்தொகை வாங்குபவர் ஊர் மாறினால், நேரில் சரிபார்க்க வரும்போது ஆள் இல்லை என்று பெயரை நீக்கிவிடக்கூடும். தாலுகா அலுவலகத்தில் புது விலாசத்தை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

ஒன்பதாம் படி: நிரந்தரமாக இடம் மாறச் சொன்னால்

2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் ஆற்றோரக் குடும்பங்கள் பலவற்றைப் பெரும்பாக்கம் போன்ற இடங்களில் இருந்த அடுக்குமாடிகளுக்கு மாற்றினார்கள். நிவாரணம் என்று தொடங்கியது இடமாற்றத்தில் முடிந்தது. வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போனவர்கள் பஸ்ஸிலேயே நாளைக் கழித்தார்கள். கிராமத்தில் இடிந்த குடிசைக்குக் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 3.5 லட்சத்தில் வீடு கேட்கலாம், ஃபெஞ்சலின்போது முன்னுரிமை தருவதாக அறிவித்தார்கள். நகரத்தில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் வீடுதான்.

கையெழுத்துப் போடும் முன் சில கேள்விகள். ஒதுக்கீட்டு ஆணை யார் பெயரில் வருகிறது, மனைவி பெயரும் சேருமா? கூட்டுக் குடும்பமென்றால் கல்யாணமான மகனைத் தனிக் குடும்பமாகக் கணக்கிட்டிருக்கிறார்களா? இடம் பெயரும் செலவும் மாதாந்தரப் பிழைப்புத் தொகையும் எத்தனை மாதத்துக்கு, எந்தத் தேதியில் தொடங்கும்? மாதம் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு? பிள்ளைகளின் படிப்பு ஆண்டு நடுவில் மாற்றச் சொல்கிறார்களா? தரைத் தளத்தில் வீடு கொடுத்தால், மழைக்காலத்தில் அங்கே எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று ஏற்கெனவே குடியிருப்பவர்களைப் போய்க் கேளுங்கள். பெரும்பாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதி. மிக்ஜாமில் அங்கேயும் தண்ணீர் சூழ்ந்தது. பதில்களை எழுத்தில் வாங்கிக்கொண்டு, பழைய இடத்தின் படங்களையும் முகாம் பதிவேட்டுப் பக்கத்தையும் மனு ரசீதுகளையும் ஒரே கவரில் போட்டு எடுத்துப் போங்கள். ஒதுக்கீட்டில் தகராறு வந்தால் முதலில் கேட்பது அவற்றைத்தான்.